புஸ்ஸென்று போன வெடிக்கு அடுத்த வெடி: ஒரு .410 குழல் கிழிந்த கதை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்து மல்லாட்டைக் கொல்லை. இரவு பத்தரை மணி. பன்றிக் கூட்டம் இறங்கிய நேரத்தில் பரண்மேல் இருந்தவரின் ஒற்றைக்குழல் துப்பாக்கி நடுவில் கிழிந்தது. இடது கைக் கட்டைவிரலின் அடிப்பாகமும் அதற்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையும் பிளந்தன. முகத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் மட்டுமே. கண் தப்பியது அதிர்ஷ்டம்.

விடிவதற்குள் ஊரில் ஒரே பேச்சு: "மருந்து ஜாஸ்தியா கெட்டிச்சிட்டான்." துப்பாக்கி வெடித்தால் எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்வார்கள். நாட்டுத் துப்பாக்கியில் கெட்டித்துப் பழகிய மலைப்பக்கத்தில் இந்தப் பேச்சுக்கு அனுபவமும் உண்டு. ஆனால் இந்தக் குழல் கிழிந்ததற்கு மருந்து கூடியது காரணமல்ல. அதற்கு முந்தைய வெடியில் மருந்து சரியாக எரியவில்லை. கிழிந்த இரும்பைப் படித்தால் இது தெளிவாகத் தெரியும். இந்த ஆய்வு அந்த இரும்பைப் பற்றியது. ஆட்களின் பெயரும் கிராமத்தின் பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன.

முதலில் துப்பாக்கி. .410 போர் (bore, குழலின் உள்ளளவு), நடுவில் மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழல், 28 அங்குலம். உரிமம் உள்ளது. அடிப்பக்கத்தில் புரூஃப் முத்திரையும் (அழுத்தச் சோதனையில் தேறியதற்கான அடையாளம்), தோட்டா உட்காரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம் என்ற குறியும் படிக்கிற அளவுக்கு இருந்தன. பூட்டு ஆட்டமில்லை. குழலும் அடிக்கட்டையும் சேரும் கீலில் சற்றே தேய்மானம் இருந்தது, அபாயம் என்று சொல்லும் அளவில் இல்லை. மொத்தத்தில் வயதான, ஒழுங்கான துப்பாக்கி.

.410 என்பது பலரும் நினைப்பதைவிடச் சிறிய குழல். 12 போர் என்றால், குழலின் அகலத்துக்கு ஒத்த ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு என்று பொருள். அந்தக் கணக்கில் .410-ஐ 67 போர் என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டியில் 36 என்று அச்சிடுவது வியாபார வழக்கம். உள்விட்டம் 10.4 மில்லிமீட்டர். இரண்டரை அங்குலத் தோட்டாவில் ஏறுவது அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் ரவை (சின்ன ஈய உருண்டைகள்). உதை குறைவு, சத்தமும் குறைவு. இந்த இரண்டும் பின்னால் வினையாகின்றன.

மேசையில் விரித்து வைத்தபோது குழல் சொன்னது இது. அறை இருக்கும் அடிப்பக்கம் முழுசாக இருந்தது. அறையின் வாயை வெர்னியரால் நான்கு திசையில் அளந்தபோது வட்டம் மாறவில்லை. கடைசியாக வெடித்த தொழிற்சாலைத் தோட்டாவின் கூடு விரலால் இழுத்ததும் வழுக்கி வந்தது. விளிம்பு தட்டையாகவில்லை. கேப்பில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) பின் குத்திய பள்ளத்தின் ஓரம் உருண்டையாகவே இருந்தது, பரந்து வழியவில்லை. பிளாஸ்டிக் உடல் கிழியவில்லை. மருந்து அதிகமாகி அறையில் அழுத்தம் எகிறியிருந்தால் இவற்றில் ஒன்றாவது காட்டிக்கொடுத்திருக்கும். முதலில் கூடு அறைச் சுவரோடு பிடித்துக்கொள்ளும், தட்டினால்கூட வராது.

கிழிந்த இடம் எங்கே? அடியிலிருந்து 21 சென்டிமீட்டரில் தொடங்கி 29 வரை. கிழிசலின் தொடக்கத்தில், கிழியாமல் மிஞ்சிய பக்கத்தில், விரலை ஓட்டினால் தட்டுப்படும் ஒரு வளையம்: பாம்பு எலியை விழுங்கியதுபோல் குழல் சுற்றிலும் ஒரே சீராகப் புடைத்திருந்தது. அந்த இடத்தில் சுவரின் தடிமன் 1.3 மில்லிமீட்டர். உடைந்த விளிம்புகள் கத்தி முனைபோல் மெலிந்து இழுபட்டிருந்தன. இரும்பு இளகி விரிந்து, தாங்க முடியாமல் பிளந்திருக்கிறது. பழைய விரிசல் இருந்திருந்தால் விளிம்பு பளபளவென்று மணல் மணலாக, பாதி துருவேறித் தெரியும். அப்படி எதுவும் இல்லை.

வளைய வீக்கத்தைப் பார்த்ததும் கை தானாகக் குழலுக்குள் அடைப்பைத் தேடப் போக வேண்டும். குழலின் முன்பாதிக்குள் வெள்ளைத் துணியைச் செலுத்தி எடுத்ததில் கருகிய நூல், தினசரித்தாள் நார், இரண்டு அளவில் ரவை கிடைத்தன. தொழிற்சாலைத் தோட்டாவில் தினசரித்தாள் இருக்காது. ரவையும் ஒரே அளவாகத்தான் இருக்கும். ஆக, அந்தத் தோட்டா வெடிப்பதற்கு முன்பே குழலில் வேறொன்று உட்கார்ந்திருந்தது.

அடைப்பு ஏன் குழலைப் பிளக்கிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. குக்கர் விசில் அடைத்ததுபோல் காற்றுக்கு வழியில்லாமல் வெடித்தது என்பார்கள். நடப்பது வேறு. சிறு துப்பாக்கியில் அழுத்தம் உச்சம் தொடுவது முதல் சில சென்டிமீட்டருக்குள். அதனால்தான் அறைப் பக்கம் சுவர் 5 மில்லிமீட்டர் தடிமனாகவும், முன்னால் போகப்போக மெலிந்தும் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் தாண்டும்போது அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும், ஆனால் ரவைத் திரள் நல்ல வேகம் எடுத்திருக்கும். அந்த வேகத்தில் அது நின்றிருக்கும் அடைப்பில் முட்டுகிறது. முட்டியதும் ரவை பக்கவாட்டில் நசுங்கிப் பிதுங்குகிறது, பின்னால் ஓடிவந்த வாயு அதன்மேல் மோதிக் குவிகிறது. அந்த ஒரு புள்ளியில், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், அழுத்தம் அறையின் உச்சத்தையே தாண்டலாம். அங்கே சுவரோ மெல்லியது. அடைப்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை: தக்கைத் துண்டு (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் அடைப்பு), மண்குளவி கட்டிய கூடு, மறந்து விட்டுவந்த துடைப்புத் துணி போதும்.

அடைப்பு எப்படி வந்தது என்பதற்கு அந்த வாரத்தின் கதையைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். இந்தத் துப்பாக்கியும் அப்படிப் போய்த் திரும்பியது. அது திரும்பியபோது வீட்டில் நல்ல தோட்டா மூன்றுதான் மிச்சம். .410 தோட்டா எல்லாக் கடையிலும் எப்போதும் கிடைப்பதில்லை, 12 போருக்குத்தான் கிராக்கி. அறுவடைக்கு இரண்டு வாரம். மிச்சமிருந்ததைச் சேமிக்க இரண்டு குறுக்கு வழிகள் முயலப்பட்டன.

முதலாவது, கைத்துப்பாக்கித் தோட்டா. உறவினர் ஒருவரிடம் உரிமத்தோடு .32 ரிவால்வர் இருந்தது. லேத்துப் பட்டறையில் பித்தளையில் கடைந்த உறை ஒன்று, வெளிப்பக்கம் .410 தோட்டா போல, உள்ளே .32 போல. அந்த உறை கிடைத்தது. அதைக் கையில் எடுத்தாலே கோளாறு புரியும். பார்வைக்கு மாமியார் வீட்டுச் சீர் போல மினுமினுப்பு, ஆனால் உள்துளை மையத்தில் இல்லை. உள்ளே இருந்த .32 கூட்டில் பின் குத்திய தடம் கேப்பின் நடுவிலிருந்து கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. கூடு நீளவாக்கில் பிளந்து, பிளவின் வெளிப்பக்கம் புகைக்கரி அப்பியிருந்தது. அதாவது, தன்னைத் தாங்க வேண்டிய சுவர் கூட்டோடு ஒட்டி நிற்கவில்லை, வாயு பின்பக்கமாகக் கசிந்திருக்கிறது. சுடுபவரின் முகம் இருப்பது அந்தப் பின்பக்கத்தில்தான்.

தோட்டாவின் கூடு அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரம் அல்ல. அது வெறும் அடைப்பான், தாங்குவது சுற்றியுள்ள எஃகு. இது தெரியாமல் செய்கிற எந்த உறையும் இப்படித்தான் முடியும். .32 ரிவால்வர் தோட்டாவின் வரம்பு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, இரண்டரை அங்குல .410-க்கு 12,500. வித்தியாசம் அதிகமில்லையே என்று தோன்றும். ஆனால் .32-இன் 15,000 அதற்கென்று அளந்து துளைத்த உருளைக்குள் பொருந்தும் எண்.

சரி, உறை சரியாகவே கடைந்திருந்தாலும் பலன் என்ன? .32 குண்டின் விட்டம் 7.9 மில்லிமீட்டர். குழல் 10.4. பரப்பாகப் பார்த்தால் குழலின் வாயில் நூற்றுக்கு 42 பங்கு திறந்தே கிடக்கிறது. உறையைவிட்டு வெளியே வந்த குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டு போகும், வாயு அதை முந்திக்கொண்டு ஓடும். குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டும் வரிகளும் இல்லை. பரிசோதனையாகச் சுட்ட எண்ணெய் டின்னில் துளை வட்டமாக இல்லை, சாவித்துவாரம்போல் நீளமாக இருந்தது. குண்டு குறுக்கே படுத்தபடி போய் மோதியிருக்கிறது. இருபது அடியில் இந்த லட்சணம் என்றால் அறுபது அடியில் குண்டு எந்தக் கொல்லையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது முறை வெடிக்கவே இல்லை. உறையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். அந்தளவுக்கு நல்லது.

இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் கைபேசியில் பார்க்கும் காணொளியிலிருந்து. டாரஸ் ஜட்ஜ் என்ற ரிவால்வரில் .410 தோட்டாவும் .45 கோல்ட் தோட்டாவும் மாறி மாறிப் போட்டுச் சுடுவார்கள். அதைப் பார்த்து ".410-லயும் பிஸ்டல் தோட்டா போகும்" என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த ரிவால்வரின் குழல் .45-க்கு வரி வெட்டியது. வீட்டுக்காரர் .45, விருந்தாளி .410. அகலமான குழலில் சின்ன ரவை தளர்வாகப் போய்விடும். .410 குழலில் .45 குண்டு போனால் கதை வேறு: 11.5 மில்லிமீட்டர் ஈயத்தை 10.4 மில்லிமீட்டர் குழாய்க்குள் நசுக்கித் தள்ள வேண்டும். வாயில் சோக் (குழல் முனையில் வைக்கும் ஒடுக்கம்) இருந்தால் இன்னும் குறுகல். .45 கோல்டின் கூடு .410 அறைக்குள் கிட்டத்தட்டப் பொருந்திவிடுவதுதான் பொறி. உள்ளே போவதெல்லாம் சுடத்தக்கதல்ல. .44 மேக்னம் ஒரு படி மேலே: அதன் வரம்பு 36,000 பவுண்டு, .410-ஐப் போல மூன்று மடங்கு.

பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் 1875 முதல் 1887 வரை, சோக் வைத்த குழலில் 'குண்டுக்கு அன்று' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்தே அனுப்பினார்கள். பரம்பரையாக வந்த துப்பாக்கியில் அந்தப் பொறிப்பு இருந்தால் அதை அலங்காரம் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு குழப்பம் நம் நாட்டுக்கே உரியது. .303 ரைஃபிளை இஷாப்பூர் தொழிற்சாலையில் ஒற்றை வெடி மஸ்கட்டாக (வரியில்லாக் குழல் துப்பாக்கி) மாற்றிக் காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்தார்கள். அதன் பெயரும் .410. அதன் தோட்டா .303 கூட்டின் கழுத்தை ஒடுக்காமல் விட்டது, அடிவிட்டம் 11.7 மில்லிமீட்டர். கடையில் விற்கும் .410-க்கு 12.1. கடைத் தோட்டா மாற்றாத மஸ்கட்டில் நுழையாது. மஸ்கட் தோட்டா கடைத் துப்பாக்கியில் தளர்வாக நுழைந்துவிடும், அதுதான் மோசம். இந்த நிகழ்வில் மஸ்கட் தோட்டா இல்லை. ஆனால் பழைய டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும், அதனால் சொல்லி வைக்கிறோம்.

இரண்டாவது குறுக்கு வழிதான் குழலைக் கொன்றது. வெடித்த பழைய கூட்டில் நாட்டு மருந்து, கைக்குக் கிடைத்த ரவை, தினசரித்தாள் தக்கை, மேலே துணி. எது எவ்வளவு என்பதை எழுதவில்லை. அது ஆய்வாக இராது, சமையல் குறிப்பாகிவிடும். ஏன் அது எரியவில்லை என்பதைச் சொல்லலாம். கரிமருந்து ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் மாட்டுக் கொட்டகைப் பரணில் வைத்தது கட்டியாகியிருந்தது. நசுக்கிய தாள் கூட்டின் சுவரோடு இறுக்கமாக நிற்காது, வாயு ஓரமாக ஒழுகிவிடும். கூட்டின் வாயை மடித்துப் பூட்ட வழியில்லாததால், மருந்து முழுக்கப் பற்றுவதற்குள் மேலே இருப்பது நகர்ந்துவிடும். பிடித்து வைக்க ஆளில்லாத மருந்து மெதுவாகத்தான் எரியும். விளைவு, ரவையில் பாதி வாய்க்கு வெளியே சொட்டியது. மீதி ரவையும் தாளும் துணியும் முன்கட்டைக்கு நேரே, 22 சென்டிமீட்டரில் சிக்கிக்கொண்டன.

பரணில் கூட இருந்த பையன், பன்னிரண்டாவது படிப்பவன், சொன்னதுதான் ஆய்வின் திருகாணி. "சத்தமே வரல சார். புஸ்ஸுன்னுச்சு. பொகதான் வந்துச்சு. 'மாமா, ஏதோ மாதிரி கீதே'ன்னேன். 'டேய், நல்லது ஒன்னு எடுரா, பன்னி ஓடுது'ன்னாரு."

எட்டோ பத்தோ வினாடி. இருட்டு, நெற்றியில் கட்டிய டார்ச், முப்பது அடியில் பன்றி. .410-இன் உதை எப்போதுமே குறைவு என்பதால் உதை வராதது தோளுக்கு உறைக்கவில்லை. குழலை மடித்தார், பழைய கூட்டை எடுத்தார், புதியதைப் போட்டார். மடித்த அந்த நொடியில் டார்ச்சை முன்வாயில் காட்டி அடிப்பக்கமாக ஒரு கண் வைத்திருந்தால் வெளிச்சம் தெரிந்திருக்காது. புதிய தோட்டா எந்தக் குறையும் இல்லாதது. குறை இல்லாததால்தான் கிழித்தது. இன்னொரு நமுத்த தோட்டாவாக இருந்தால் அதுவும் பின்னாலேயே சிக்கியிருக்கும்.

இடது கை ஏன்? முன்கட்டையைப் பிடிக்கும் கை சரியாக 20 முதல் 27 சென்டிமீட்டருக்குள் இருக்கும். மரக்கட்டை அடிப்பக்கத்தை மறைத்ததால் நான்கு விரல்களும் தப்பின. கட்டைவிரல் பக்கவாட்டில் மேலே ஏறி இருந்ததால் அதற்கு அடி. குழலின் மேல்புறம் சுற்றிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவராக இருந்திருந்தால் உள்ளங்கையே போயிருக்கும்.

ஊர்க்காரர்கள் காயத்தில் காப்பித்தூளும் மஞ்சளும் அப்பினார்கள். சிகிச்சையில் அதைக் கழுவி எடுக்கவே வெகுநேரம் ஆனது. சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடிப்பது, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைப்பது, 108-ஐக் கூப்பிடுவது, இவ்வளவுதான் செய்ய வேண்டியது. விரல் துண்டாகியிருந்தால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேரடியாகப் பட்டால் சதை செத்துவிடும். காயத்துக்குள் எரியாத மருந்தும் துணி நாரும் ஆழமாகப் புதைந்திருக்கும், அதனால் உடனே தைத்து மூடாமல் முதலில் திறந்து சுத்தம் செய்வார்கள். டெட்டனஸ் ஊசி தவறக் கூடாது. கை அறுவைக்கு வேலூருக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்கு தசைநாண் மாற்றி வைக்கும் அறுவையை மருத்துவர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொடங்கியது இங்கேதான். இவருக்குக் கட்டைவிரல் நின்றது. மடங்குவது பாதிதான், மண்வெட்டிப் பிடி இனி பழையபடி வராது.

சட்டப்பக்கம் சுருக்கமாக. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் .410 உரிமம் .410 தோட்டாவுக்கு மட்டுமே. .32 தோட்டாவைக் கையில் வைத்திருந்ததே தனிக் குற்றம், கொடுத்த உறவினருக்கும் சிக்கல். தோட்டா தயாரிப்பதும் துப்பாக்கியை மாற்றியமைப்பதும் 5-ஆம் பிரிவின் கீழ் உரிமம் கேட்பவை, எனவே உறை கடைந்த லேத்துக்காரரும் உள்ளே வருகிறார். அவர் "பம்பு புஷ் மாதிரி ஒன்னு கேட்டாங்க, கடைஞ்சு குடுத்தேன்" என்றார். பயிர்ச் சேதம் உண்மை என்பதால் பன்றியைச் சுடுவது நியாயமாகிவிடாது, அதற்கு வனத்துறை அனுமதி வேறு வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு மனு போட்டால் அலைய வேண்டியிருக்கிறது என்ற குறை இந்த அடிவாரம் முழுக்க உண்டு, அது பொய்க் குறையும் அல்ல.

உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர் செய்ய வேண்டியது கடினமானதல்ல. சத்தம், உதை, புகை இவற்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தாலும் அடுத்த தோட்டாவைத் தொடக் கூடாது. வெடிக்கவே இல்லையென்றால் குழலை ஆளில்லாத திசையில் காட்டியபடி ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், நமுத்த மருந்து தாமதமாகப் பிடிக்கலாம். பிறகு மடித்து, கூட்டை எடுத்து, குழல் வழியே வெளிச்சம் பார்க்க வேண்டும். வட்டம் முழுதாகத் தெரியவில்லையென்றால் அன்றைய வேலை முடிந்தது. அடைப்பைச் சுட்டுத் தள்ளலாம் என்று ஒருபோதும் நினைக்கக் கூடாது. துடைப்புக் கம்பியை முன்வாயிலிருந்து அடிப்பக்கம் தள்ளி எடுக்க வேண்டும். இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் கம்பியை வீட்டில் விட்டுப்போவதுதான் வழக்கம். இந்தப் பரணில் டார்ச்சுக்கு மாற்று பேட்டரி இருந்தது, பீடி, வெற்றிலை, தண்ணீர் கேன் எல்லாம் இருந்தன. கம்பி மட்டும் வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தது.

குழலின் அடிப்பாதியில் இருபது சென்டிமீட்டர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அறுத்துக் குட்டையாக்கி வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். குழலைக் குறைப்பது அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு. வீங்கிய வளையத்துக்குப் பின்னாலும் இரும்பு எவ்வளவு தூரம் இழுபட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. துப்பாக்கி இப்போது சாக்கில் கட்டி, வழக்குச் சொத்தாகச் சீட்டு ஒட்டிக் கிடக்கிறது.